ஈச்சந்துறைப் படகு குழாம்

1997ஆம் வருஷம் ஆடி பதினெட்டு அன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, மாதனூரை ஒட்டிய ஈச்சந்துறையில், பொட்டுத் தண்ணீர் இல்லாத பாலாற்றில் ஷஹீன் பானு ஒன்பது அடி உயரத்தில் மிதந்தாள். அன்றைக்கு ஆம்பூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் கிலோ ஆறு ரூபாய், சீரகச் சம்பா கிலோ இருபத்திரண்டு. காற்று மேற்கிலிருந்து அடித்தது. மிதந்தது உண்மையில் அவளுடைய டீக்கடைக் கூரைதான். பறக்கப் பார்த்த கூரையைப் பிடிக்கப் போய் அதற்குள்ளேயே விழுந்துவிட்டவள் அவள், அவ்வளவே. பிற்பாடு இதைப் பற்றிப் பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நடந்தது இதுதான்.

கூரையின் கதையைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. ஷஹீன் பானுவின் புருஷன் சர்தார் பாஷா பதினெட்டு வருஷம் ஒரே டேனரியில் தோல் பதனிட்டவன். குழியில் தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தே, தோல் இன்னும் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று சொல்லிவிடுவான். 1996இல் கோர்ட்டுத் தீர்ப்பு வந்து, கழிவைச் சுத்தம் செய்யாத டேனரிகளுக்கெல்லாம் பூட்டு விழுந்தது. தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஈச்சந்துறைக் கிணறுகளில் அதற்கு முன்பே தண்ணீர் உப்புக் கரித்து, தென்னைகள் மொட்டையாகி, சோறு வடித்தால் சோறே மஞ்சளாக இருந்தது. ஆனால் பூட்டு விழுந்த அன்று ஊரில் பாதி அடுப்பு எரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கடைசிக் குழியிலிருந்து கடைசியாக ஏறிய எருமைத் தோலை முதலாளி சர்தார் பாஷாவின் கையில் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை வீட்டில் போட்டுவிட்டு அவன் கல்கத்தா டேனரிக்கு ரயிலேறினான். காட்பாடி ஸ்டேஷனில் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவன் சொன்னது ஒன்றே ஒன்று. “இங்க எனக்கு ஒரு வேலை இருக்குதுன்னு ஒரு வரி எழுது பானு, மறுநாளே வண்டி ஏறிட்றேன். சும்மா வந்து உன் கையப் பாத்துக்கினு ஒக்கார மாட்டேன்.” அவன் ரோஷக்காரன். அவளுக்கும் அது தெரியும். எட்டு வருஷம் அவள் செய்ததெல்லாம் அந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான்.

அவள் அதுவரை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். காலை ஆறரைக்கு மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்கு இறங்குவாள். ஒன்பது வருஷம் குனிந்து தைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு, ஒருநாள் நிமிரவே வரவில்லை. வேலையை விட்டுவிட்டு, ஆற்று மணலில் லாரிக்கு மணல் அள்ளுகிறவர்களுக்காக ஒரு டீக்கடை போட்டாள். மூங்கிலை வளைத்துக் கட்டி, அந்த எருமைத் தோலை அதன்மேல் இழுத்துத் தைத்தாள். கூரை தயார். இதில் ஒரு தப்பு நடந்தது. கை பழகிய பழக்கத்தில், ஏற்றுமதி ஷூவின் மூக்கில் போடுவது போலவே, தோலைச் சுற்றிலும் வரிசை வரிசையாகப் பூ ஓட்டை போட்டுவிட்டாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டை. முடித்து எழுந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டு அன்னம்மாள் பார்த்துவிட்டு, “இன்னாடி பானு, கூரைக்கு லேஸ் கட்டப் போறியா?” என்று கேட்டாள். மழையே பெய்யாத ஊரில் கூரையில் ஓட்டை இருந்தால் என்ன, புகையாவது போகுமே என்று இவள் விட்டுவிட்டாள்.

ஆடி பதினெட்டு அன்று ஊர்ப் பெண்கள் பம்ப்செட் தொட்டிக்குத்தான் மஞ்சளும் காதோலையும் எடுத்துப் போனார்கள்; ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போய்ப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அங்கிருந்து அவர்கள் எல்லோருமே பார்த்தார்கள். காற்றில் கூரை பிய்த்துக்கொண்டு மல்லாந்து விழுந்தது. ஷஹீன் பானு ஓடிப்போய்ப் பிடித்தாள், தடுக்கி உள்ளே விழுந்தாள். விழுந்ததும் கூரை, காலிக் குடம், நிரம்புகிற தொட்டியில் மேலே ஏறுமே, அதுபோல நிதானமாக ஏறியது. கரைக்குச் சமமாக வந்து நின்று, இரண்டு பக்கமும் ஆடியது. அவள் “யா அல்லா” என்று விளிம்பைப் பிடித்தாள். பிடித்த கை நனைந்தது. சுற்றிலும் பார்த்தாள். கரையிலிருந்து கரைவரை பழுப்புத் தண்ணீர், நுரை, சுழல், எங்கிருந்தோ வந்த ஒரு வாழை மட்டை. கரையில் நின்றவர்களுக்கோ வெறும் மணல்தான் தெரிந்தது, மணலில் ஒரு லாரி, அந்தரத்தில் ஒரு பரிசல். கடை மூங்கிலையே துடுப்பாக வைத்துக்கொண்டு அவள் பழைய படித்துறையின் பதினாலாவது படிக்கு வந்து இறங்கினாள். இறங்கியதும் சேலை காய்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் டீக்கடையைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஊருக்கு இது பழகிவிட்டது. அவளோடு ஏறியவர்கள் நனைந்தார்கள், இறங்கியவர்கள் காய்ந்தார்கள். மூன்று பேருக்கு மேல் ஏறினால் பரிசல் சாய்ந்தது. அக்கரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வெந்த மணலில் நடக்காமல் அவளிடம் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் போனார்கள். லாரி வந்தால் ஹாரன் அடித்தது. பரிசலுக்கு ஹாரன் இல்லாததால் ஷஹீன் பானு கத்தினாள். மணல் அள்ளுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “பானுக்கா, மேல தண்ணி எப்டி, ஜாஸ்தியா கம்மியா?” என்று கேட்பார்கள். அவளும் பார்த்துச் சொல்வாள்.

வேலூரில் ஒரு வசனம் உண்டு: சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு. இந்த ஊருக்கு நாலு பேரை வரவழைக்கும் வேலையை அரசாங்கம் ஜெஸ்டன் என்பவருக்குக் கொடுத்திருந்தது. உதவிச் சுற்றுலா அலுவலர். நர்ஸ் வீட்டுப் பிள்ளை, மெலிந்தவர், யாராவது அதட்டினால் அவர்களுக்காகத் தானே மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அவர் அலுவலகத்தில் இரண்டு நாற்காலியும், சென்னைக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய ஒரு படிவமும் இருந்தன: இந்த மாதம் வந்த சுற்றுலாப் பயணிகள் எத்தனை பேர்? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் ஓடுகிற பஸ்கள் வேலூரில் டீ குடிக்க நிற்கும், பார்க்க நிற்காது. ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்தான், ஆயிரக்கணக்கில், வங்காளத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு. நோயாளியும் கூட வருபவரும் சுற்றுலாப் பயணியா என்று கேட்டு ஜெஸ்டன் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை. படிவத்தில் ‘குறைவு’ என்று எழுதி எழுதி அவருக்கு வாழ்க்கையே குறைவாகத் தெரிந்த நேரத்தில்தான் ஈச்சந்துறை காதில் விழுந்தது.

1998 தை மாதம் ஸ்கூட்டரில் வந்தார். ஆம்பூரில் வாங்கிய புது ஷூவோடு பரிசலில் ஏறினார், ஷூ நனைந்தது, அழுதுவிட்டார். “ஏன் சார் அழுவறீங்க? எறங்குனா காஞ்சிடும் சார்,” என்றாள் ஷஹீன் பானு, ஷூவுக்காக அழுகிறார் என்று நினைத்து. அன்றைக்கே மூன்று பக்க அறிக்கை எழுதினார். சென்னை இந்த முறை பதில் போட்டது: படகுச் சவாரி நடத்தும் இடத்தில் குறைந்தது நாலடி ஆழம் தண்ணீர் இருப்பதாகப் பொதுப்பணித்துறைச் சான்று வேண்டும். பொறியாளர் ஜெபராஜ் அளவுகோலோடு வந்தார். மணலில் நின்று அளந்தார், சைபர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்த தலைமுறை அவருடையது. பரிசலில் ஏறி நடு ஆற்றுக்குப் போய், உள்ளேயிருந்து கோலை விட்டு மறுபடியும் அளந்தார். ஒன்பது அடி இரண்டு அங்குலம். கோல் ஈரமாக வந்தது. கரையேறி நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ‘9 அடி 2 அங்குலம், படகிலிருந்து அளந்தபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனிதர்; முப்பது வருஷ சர்வீஸில் தான் அளக்காத ஒன்றை எழுதியதே இல்லை.

அரசாங்கம் ஒரு தடவை நம்பிவிட்டால் பிறகு கை தாராளம்தான். நெடுஞ்சாலையில் பழுப்புப் பலகை வந்தது. படித்துறைக்கு சிமெண்ட் பாதை, கழிப்பறை, குடிதண்ணீர்த் தொட்டி, நிழற்குடை வந்தன. ‘படகு குழாம்’ என்று எழுதிய ஓட்டுக் கட்டடம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் பன்னிரண்டு மிதவைச் சட்டை வந்தது. மணல் அள்ளுகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள், ஏறியவர்கள் சிரிக்கவில்லை. மகளிர் குழுவுக்குக் கடன் கொடுத்து கேண்டீன் வைக்கச் சொன்னார்கள், அன்னம்மாள் அதற்குத் தலைவியானாள்.

ஆனால் கூட்டத்தை வரவழைத்தது சபிதா மண்டல்தான். வங்காளத்தில் கடலோரத்துக்காரி. புருஷனுக்கு இருதய ஆபரேஷன். தேதி பதினோரு நாள் தள்ளிப்போனது. லாட்ஜில் ஜெஸ்டன் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் பொழுது போகாமல் வந்தாள். பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு ஷஹீன் பானுவின் கையிலிருந்த துடுப்பை வாங்கித் தானே போட ஆரம்பித்தாள், பிறந்ததிலிருந்து போட்டவள் போல. அவளுடைய இந்தியும் இவளுடைய உருதுவும் பாதிக்குப் பாதி ஒட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று வாரமாகத் தனக்கு மூச்சே வரவில்லை, இப்போதுதான் வருகிறது என்றாள். மறுநாள் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள், தையல் பிரிக்கக் காத்திருக்கிறவர்கள், அறைக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்தவர்கள். எல்லோரும் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள். பரிசலில் ஏறுகிறவர்கள் மூன்று பேர், வரிசையில் நிற்கிறவர்கள் முந்நூறு பேர். நிற்கிறவர்களுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், குழந்தைக்கு பலூன் வேண்டும். சுற்றுலா வளர்ச்சி என்று சென்னையில் புத்தகம் போட்டுச் சொல்வது வேறொன்றுமில்லை, இதைத்தான்.

சபிதாவின் புருஷன் பிழைத்து எழுந்து ஊருக்குப் போகும்போது ஷஹீன் பானு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். அதிலிருந்து வங்காளத்துக்காரர்கள்தான் தபால்காரர்கள். சர்தார் பாஷாவின் முதல் பதில் இப்படி இருந்தது: “தண்ணியில்லாத ஆத்துல பரிசல் ஓட்டறேன்னு எழுதியிருக்கிற. ஒடம்பப் பாத்துக்கோ. வேலூர் பக்கத்துலதான இருக்குது, பெரிய டாக்டரா பாத்துக் காட்டு.” அவள் அதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. 1999இல் அவன் அம்மா இறந்துபோக, அந்த மௌத்துக்கு வந்தான். இரண்டு நாள் இருந்தான். வாசலில் நின்றால் ஆறு தெரியும். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். “மௌத்து வீட்ல நின்னுக்கினு வேடிக்கை பாக்கச் சொல்றியா? எனக்கு இங்க வேலை இருக்குதா, அதச் சொல்லு.” அப்போது இல்லை. அவளுக்கே தினக்கூலிதான். புருஷனும் பெண்டாட்டியும் சண்டையை உருதுவில் போட்டு, சமாதானத்தைத் தமிழில் பேசுகிறவர்கள்; அந்த இரண்டு நாளும் வீட்டில் கேட்டது, மேலே சொன்னது உட்பட, உருது மட்டும்தான்.

அடுத்த நாலு வருஷத்தில் ஈச்சந்துறை நிமிர்ந்துவிட்டது. மாதனூரிலிருந்து இருபத்தாறு ஆட்டோ ஓடியது. வேலூர் லாட்ஜ்களில் வங்காள எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர் தொங்கியது. அன்னம்மாளின் கேண்டீனில் ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோ அரிசி பிரியாணி வெந்தது. தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் செய்ததில் கத்திரிக்காய் விலை ஏறி ஆம்பூரில் பேஜாராகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் இந்த ஊரிலிருந்து நாற்பத்தோரு பெண்கள் ஏறியது போய்ப் பத்தொன்பது பேர் ஏறினார்கள். ஓசூருக்குப் போன இரண்டு குடும்பம் சாமான் செட்டோடு திரும்பி வந்தது. சோளிங்கருக்குப் போகிற பக்தர்கள் வண்டியைத் திருப்பி இங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு மலையேறினார்கள். ஜெஸ்டன் படிவத்தில் ‘அதிகம்’ என்று எழுதினார். எல்லார் வீட்டு ஆளும் திரும்பியாயிற்று. இத்தனைக்கும் காரணமானவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒற்றைத் தட்டு கழுவினாள். அன்னம்மாள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “ஊருக்கே ஆறு கொண்டாந்த, ஒன் ஊட்டு ஆளக் கொண்டார முடியலயேடி,” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவளே அழுதாள்.

2004இல் சென்னை பெரிய மனது பண்ணியது. நாலு அன்னப் படகு அனுப்பினார்கள், காலால் மிதிக்கிற வகை. பதினாலாவது படியிலிருந்து ஒன்றைத் தள்ளியதும் நேரே மணலில் விழுந்து அன்னத்துக்குக் கழுத்து முறிந்தது. மற்ற மூன்றிலும் அன்னம்மாள் கோழி அடைத்தாள். அதைவிடப் பெரிய சேதி, குழாமுக்கு இரண்டு நிரந்தரப் படகோட்டிப் பணியிடம் வரப்போவதாக ஜெஸ்டன் ஓடிவந்து சொன்னது. “ஒன்னு உங்களுக்கும்மா. இன்னொன்னு தோல் பரிசலப் பராமரிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு. உங்க வீட்டுக்காரரத் தவிர அப்படி யாரு இருக்கா?” “நெசமாவா சார்?” என்று அவள் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அவர் ஆமாம் என்றார். அரைக்காசு ஆனாலும் அரசாங்கக் காசு. எட்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த வரியை அவள் அன்றைக்கே எழுதினாள்: இங்க உங்களுக்கு ஒரு வேலை இருக்குது. ஆர்டர் கைக்கு வரட்டும் என்று பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. அன்று மதியமே ஹவுரா ரயிலேறிய ஒரு சிறுநீரக நோயாளியின் தம்பியிடம் கடிதம் போய்விட்டது.

ஆர்டருக்கு முன்னால் புது விதி ஒன்று வந்தது. எங்கோ ஒரு ஏரியில் படகு கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆனதிலிருந்து, அரசுப் படகு ஒவ்வொன்றும் தண்ணீரில் ஒரு மணி நேரம் பாரத்தோடு மிதந்து காட்டிச் சான்று வாங்க வேண்டும். சரியான விதிதான். சோதிக்க வந்தவரும் நல்ல மனிதர்தான். “சார், கரையில நின்னு நான் தண்ணியப் பாக்கணும், படகப் பாக்கணும். ரெண்டையும் பாத்தாதான் கையெழுத்துப் போட முடியும்,” என்று வருத்தத்தோடு சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீருக்காகப் பரிசலை லாரியில் ஏற்றிக் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கடல் மாதிரி கிடந்தது ஏரி. ஊரே வேன் பிடித்துப் பின்னால் போனது. பரிசலை இறக்கி, இரண்டு மணல் மூட்டையை வைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டையிலும் நீர் பூப்பூவாகப் பீய்ச்சி உள்ளே வந்தது. மூன்று நிமிஷத்தில் பரிசல் தரையைத் தொட்டுவிட்டது. ஏழு வருஷமாக ஒருத்தருக்கும் அந்த ஓட்டைகள் ஞாபகம் வரவில்லை; ஷூ தைக்கிற ஊரில் தோல் என்றால் ஓட்டை இருக்கும்தானே. கப்பல் கவிழ்ந்தாற்போல என்று சும்மா சொல்லுவோம், அன்றைக்கு ஏரிக்கரையில் அறுபது பேர் நிஜமாகவே அப்படித்தான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். சான்று மறுக்கப்பட்டது. குறை ஒரு மாதத்துக்குள் நீங்காவிட்டால் குழாம் மூடப்படும், பணியிடங்கள் ரத்து என்று தாள் வந்தது. அதே தபாலில் கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டும் வந்தது. சர்தார் பாஷா கணக்கு முடித்துவிட்டான், வியாழக்கிழமை காட்பாடியில் இறங்குகிறான்.

அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அவன் இரண்டு பெட்டி, ஒரு குக்கர், மடித்த பாய், எட்டு வருஷக் குடித்தனத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். தாடி பாதி வெளுத்திருந்தது. வழியில் சொல்லலாம், வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்து வந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டாள். “வேலை இல்லீங்க. நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். பரிசல் முழுகிடுச்சி.” அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் பெட்டியைக் கீழே வைத்தான். “எந்தப் பரிசல்?” “உங்க தோலுல பண்ணது.” “என் தோலு எப்டி முழுகும்?” என்றான் சர்தார் பாஷா. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை இல்லை என்றதற்கல்ல. பதினெட்டு வருஷத்தில் அவன் பதனிட்ட தோலைத் தண்ணீர் கசியும் என்று ஒருத்தன் சொன்னதில்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே குழாமுக்குப் போய்ப் பரிசலைப் புரட்டிப் பார்த்தான். “எவன்டா இத்தினி ஓட்டை போட்டது?” என்று கத்தினான். “நான்தான்,” என்றாள் அவள், “கைப்பழக்கம்.” அவன் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தான். வரிசை கோணவில்லை, ஒன்றுகூடப் பெரிது சிறிது இல்லை. “தையல் நல்லாத்தான் இருக்குது,” என்று தமிழில் சொன்னான். ஆட்டுத்தோல் துண்டு வெட்டி, மெழுகு காய்ச்சி, ஐந்து நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டையையும் அடைத்தான். காவேரிப்பாக்கம் ஏரியில் இரண்டாம் தடவை பரிசல் ஒரு மணி நேரம் அல்ல, மூன்று மணி நேரம் மிதந்தது. சோதிக்க வந்தவர் சந்தோஷத்தில் தானே ஒரு சுற்று போய்வந்து, ஐந்து வருஷத்துக்குச் சான்று எழுதிக் கொடுத்தார். பணி ஆணைகள் இரண்டும் அடுத்த வாரம் வந்தன. ஊர் வெடி வெடித்தது.

மறுநாள் காலையில் பரிசலை ஆற்றில் இறக்கினார்கள். மணலில் கிடந்தது. ஷஹீன் பானு ஏறி உட்கார்ந்தாள்; அசையவில்லை. தள்ளினார்கள், தூக்கி வைத்தார்கள். பதினாலாவது படியிலிருந்து விட்டுப் பார்க்க எவனுக்கும் தைரியம் வரவில்லை, அன்னத்தின் கழுத்து ஞாபகத்தில் இருந்தது. கையில் ஆர்டர், பெட்டியில் சான்று, ஆற்றில் தண்ணீர் இல்லை. படித்துறையில் வங்காளத்துக்காரர்கள் எண்பது பேர் டோக்கனோடு நின்றார்கள். ஜெஸ்டன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் சேர்ந்து தன்னைக் கேலிக்கு இழுத்துவந்துவிட்டதாக சர்தார் பாஷாவுக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பில்லை. எட்டு வருஷம் காத்திருந்து வரவழைத்த ஆளை, இரண்டு வாரத்துக்குள்ளேயே அனுப்பப் போகிறோம் என்று ஷஹீன் பானுவுக்குத் தெரிந்தது.

அவள் இடுப்பிலிருந்து ஊசியை எடுத்தாள். பரிசலுக்குள்ளேயே உட்கார்ந்து, ஓர் ஓட்டையின் அடைப்பைப் பிரித்தாள். “இன்னா பண்ற?” என்றான் அவன். “அஞ்சு நாள் பட்ட பாடு அது!” அவள் நிமிரவில்லை. “எனக்கு இன்னா தெரியும்? அப்போ ஓட்டை இருந்துச்சி, மெதந்துச்சி. நீங்க போறதுன்னா போங்க. ஓட்டையோட ஒரு தபா பாத்துட்டுப் போங்க.” இரண்டாவதைப் பிரித்தாள், மூன்றாவதைப் பிரித்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, வலியில் பல்லைக் கடித்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கத்தி முனையால் தன் பக்கத்து அடைப்பைப் பிரிக்க ஆரம்பித்தான். அவள் இடமாக வந்தாள், அவன் வலமாக வந்தான். பிரிக்கப் பிரிக்க இரண்டு பேரும் நெருங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. எண்பது பேரில் ஒருவர்கூட நகரவில்லை. கடைசி ஓட்டையில் இரண்டு பேர் கையும் இடித்துக்கொண்டன. “நீ எடு,” என்றான் அவன். அவள் இழுத்தாள். பரிசல் மணலை விட்டு, நிதானமாக, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒன்பது அடி இரண்டு அங்குலம் ஏறி நின்று ஆடியது.

சர்தார் பாஷா விளிம்பைப் பிடித்தான், கை நனைந்தது. நனைந்த விரலைப் பழக்கத்தில் நாக்கில் வைத்தான். இருபது வயதில் அவன் இந்த ஆற்றில் குடித்த தண்ணீர் அது. உப்பில்லை, காரமில்லை, பட்டையில்லை. “பானு,” என்றான், “இனிக்குதுடி.” அவ்வளவு பெரிய மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் துடுப்பைப் போட்டாள். சான்றிதழில் ஓட்டையைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மதியத்திலிருந்து டோக்கன் வரிசை நகர்ந்தது. அன்று முதல் காலை முறை அவளுக்கு, மாலை முறை அவனுக்கு.

அடுத்த வருஷம், 2005 ஐப்பசிக் கடைசியில், பாலாற்றில் நிஜ வெள்ளம் வந்தது. ராத்திரி பகலாக இரைந்து கரைபுரண்டு வந்த தண்ணீர், படித்துறையின் பதினாலாவது படியைத் தொட்டதும் ஏறுவதை நிறுத்தியது. ரிட்டையரான பொறியாளர் ஜெபராஜ் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பழைய கோலை விட்டுப் பார்த்தார். ஒன்பது அடி இரண்டு அங்குலம். கேண்டீனில் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். பரிசலை முந்தின நாளே மேலே ஏற்றிக் கட்டடத்துக்குள் கவிழ்த்துவிட்டார்கள். வெள்ளத்தில் விட்டால் முழுகிவிடும் அல்லவா. ஜெஸ்டன் பலகை எழுதி வைத்தார்: ஆற்றில் தண்ணீர் வந்துள்ளதால் படகுச் சவாரி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. வெள்ளம் நின்ற பதினோரு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் வேலையில்லாமல் பதிமூன்றாவது படிவரை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கம் சம்பளம் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு வங்காளக் குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கி, பலகையைப் பார்த்துவிட்டு, சவாரி எப்போது இருக்கும் என்று கேட்டது. சர்தார் பாஷா ஆற்றை ஒரு தடவை பார்த்தான்.

“இப்ப தண்ணி இருக்குதுங்க,” என்றான். “வடியட்டும், வாங்க.”